ஊமைப் பெட்டி வாய் திறந்தது!

பிரிட்டிஷ் தேர்தலில் டெலிவிஷன் புகுந்த கதை

1950-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 23-ந் தேதி. வியாழக்கிழமை இரவு.

லண்டன் நகரின் வடக்கே ஒரு குன்று. அதன் மேல் அலெக்சாண்ட்ரா மாளிகை என்ற பழைய கட்டிடம். அங்கே ஒரு அறையில் கண்ணைக் கூச வைக்கும் விளக்குகள் எரிகின்றன. காமிராக்கள் தயாராக நிற்கின்றன.

காமிராவுக்கு முன்னால் மூன்று ஆண்கள். ஒருவர் போர்க்களங்களுக்குச் சென்று செய்தி அனுப்பிய நிருபர். ஒருவர் கல்லூரி ஆசிரியர். மூன்றாவது ஆள் 25 வயது வாலிபர்.

இந்த மூவரையும் அங்கே கொண்டு வந்து உட்கார வைத்தவர் ஒரு பெண்மணி. அவர் காமிரா முன் வரவில்லை.

அன்று பிரிட்டனில் பொதுத் தேர்தல். ஓட்டுப் போடும் நேரம் முடிந்துவிட்டது. ஊர் ஊராக ஓட்டுகளை எண்ணுகிறார்கள். அந்த முடிவுகளை, மக்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே டெலிவிஷனில் பார்க்கப் போகிறார்கள். பிரிட்டனில் அதுதான் முதல் தடவை!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த இரவு வரும் வரை, நாட்டில் தேர்தல் நடக்கிறது என்பதையே டெலிவிஷன் காட்டிக் கொள்ளவில்லை. தலைவர்கள் ஊர் ஊராகப் பேசினார்கள். சுவர்களில் விளம்பரம் ஒட்டினார்கள். பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. டெலிவிஷன் பெட்டி மட்டும் ஊமையாக இருந்தது.

ஏன்?

வாய்ப்பூட்டு

பிரிட்டனில் 1936-ம் ஆண்டு நவம்பரில் டெலிவிஷன் தொடங்கியது. 1939-ல் போர் மூண்டதும் நிறுத்தி விட்டார்கள். 1946-ல்தான் மீண்டும் தொடங்கியது. இதனால் 1945-ம் ஆண்டு தேர்தலின்போது டெலிவிஷனே இல்லை.

1950-ல் நாடு முழுவதும் சுமார் 3½ லட்சம் வீடுகளுக்குத்தான் டெலிவிஷன் லைசென்சு இருந்தது. லண்டன் பக்கமும், பர்மிங்காம் பக்கமும்தான் படம் தெரியும். பெட்டியும் சின்னது. பல வீடுகளில் திரையின் அளவு 9 அங்குலம் அல்லது 12 அங்குலம்தான். படம் கறுப்பு-வெள்ளை.

டெலிவிஷனை நடத்தியது பி.பி.சி. என்ற பொது ஸ்தாபனம். எல்லாக் கட்சிக்காரர்களும் கட்டும் லைசென்சுப் பணத்தில் நடப்பது. ஆகவே எந்தக் கட்சிப் பக்கமும் சாய்ந்ததாகப் பெயர் வந்துவிடக் கூடாது என்று அது பயந்தது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு பயம் இருந்தது. தேர்தலில் ஒரு அபேட்சகர் இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று அங்கே கணக்கு உண்டு. ஒரு அபேட்சகரை டெலிவிஷனில் காட்டினால், அந்தச் செலவும் அவர் கணக்கில் ஏறி விடுமோ? தேர்தலே செல்லாது என்று யாராவது வழக்குப் போட்டு விட்டால்?

இவை போதாது என்று "14 நாள் விதி" என்று ஒன்று இருந்தது. பார்லிமெண்டில் ஒரு விஷயம் விவாதத்துக்கு வரப் போகிறதா? அதற்கு முந்திய 14 நாட்களும் ரேடியோவிலோ, டெலிவிஷனிலோ அதைப் பற்றி யாரும் விவாதிக்கக் கூடாது!

நாட்டு மக்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்களோ, அதைப் பற்றி மட்டும் பெட்டி பேசக் கூடாது. இதுதான் அன்றைய நிலை.

பெண்மணியின் பிடிவாதம்

அந்தப் பெண்மணியின் பெயர் கிரேஸ் விண்டாம் கோல்டி. 1900-ம் ஆண்டு பிறந்தவர். பத்திரிகையில் ரேடியோ நாடகங்களுக்கு விமர்சனம் எழுதியவர். பிறகு பி.பி.சி.யில் சேர்ந்தார்.

தேர்தல் பிரசாரத்தைக் காட்டத்தான் பயம். முடிவைக் காட்டினால் என்ன? மக்கள் ஓட்டுப் போட்டு முடித்து விட்டார்கள். இனி யார் மனம் மாறப் போகிறது? இந்த ஒரு வாசல்தான் திறந்திருந்தது. கோல்டி அம்மையார் அந்த வாசல் வழியாக நுழைந்தார்.

நிகழ்ச்சியை நடத்த செஸ்டர் வில்மாட் என்ற ஆஸ்திரேலிய நிருபரை அழைத்தார். விளக்கம் சொல்ல ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் இருந்து இருவர் வந்தார்கள். ஒருவர் ஆர்.பி. மெக்கல்லம் என்ற ஆசிரியர். மற்றவர் டேவிட் பட்லர் என்ற இளைஞர்.

பட்லருக்குத் தேர்தல் கணக்கு என்றால் உயிர். எத்தனை ஓட்டுக்கு எத்தனை இடம் கிடைக்கும் என்று அவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு, எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சர்ச்சில் அவரைத் தம் வீட்டுக்கே வரவழைத்துப் பேசினார்! டெலிவிஷன் என்றாலே முகம் சுளித்த சர்ச்சிலுக்கு, டெலிவிஷனில் பேசப் போகும் வாலிபரின் கணக்கு மட்டும் தேவைப்பட்டது.

விடிந்தும் தெரியவில்லை

மொத்தம் 625 தொகுதிகள். முடிவுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. உடனுக்குடன் கூட்டிச் சொல்ல இந்தக் காலத்தைப் போல் கம்ப்யூட்டர் கிடையாது. பட்லர் கையில் இருந்தது, நகர்த்திக் கணக்குப் பார்க்கும் ஒரு சட்டம். அதை நகர்த்தி, காகிதத்தில் குறித்துக் கொண்டு, மக்களுக்கு விளக்கம் சொன்னார்.

லண்டனில் டிரபால்கர் சதுக்கத்தில் பெருங்கூட்டம் கூடியிருந்தது. அங்கேயும் ஒரு காமிரா. வீட்டில் இருந்தவர்கள் அந்தக் கூட்டத்தின் ஆரவாரத்தையும் கண்டார்கள்.

நள்ளிரவு தாண்டியது. யார் ஜெயிப்பார் என்று சொல்ல முடியவில்லை. பல ஊர்களில் மறுநாள்தான் எண்ணினார்கள்.

கடைசியில் அட்லியின் தொழிற்கட்சிக்கு 315 இடம். மற்ற எல்லோருக்கும் சேர்த்து 310. ஐந்தே ஐந்து இடங்கள்தான் மெஜாரிட்டி!

இவ்வளவு இழுபறியான தேர்தல்தான் டெலிவிஷனுக்கு முதல் தேர்தலாக வாய்த்தது. பார்த்தவர்களுக்கு ருசி தட்டிவிட்டது.

தராசு முள்

பட்லர் சொன்ன கணக்கு என்ன? அது எளிய கணக்குதான்.

ஒரு தொகுதியில் சென்ற தேர்தலில் 100-க்கு 55 பேர் ஒரு கட்சிக்கு ஓட்டுப் போட்டார்கள். எதிர்க்கட்சிக்கு 45 பேர். இந்தத் தடவை 52-ம் 48-ம் ஆகிவிட்டது. அதாவது 100-க்கு 3 பேர் அளவுக்கு ஓட்டு இடம் மாறியிருக்கிறது. அந்தத் தொகுதி கை மாறவில்லை. ஆனால் சென்ற தடவை 52-க்கு 48 என்று இருந்த தொகுதியில் இதே மாற்றம் நடந்தால்? 49-க்கு 51 ஆகிவிடும். தொகுதி எதிர்க்கட்சியிடம் போய்விடும்!

இந்த மாற்றத்துக்கு "ஸ்விங்" என்று பெயர். சில தொகுதிகளின் முடிவு வந்ததுமே, நாட்டில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம். இதில் ஜோசியம் ஒன்றும் இல்லை. கூட்டல், கழித்தல்தான்.

பிற்காலத்தில் இதைக் காட்ட ஒரு கருவியும் வந்தது. அரை வட்டப் பலகை. அதில் தராசு முள் போல ஒரு பெரிய முள். ஓட்டு சாயும் பக்கம் முள்ளைச் சாய்த்துக் காட்டுவார்கள். "ஸ்விங்கோமீட்டர்" என்று பெயர். 1955-ல் ஒரு வட்டாரத்தில் மட்டும் காட்டினார்கள். 1959-ல் நாடு முழுவதும் பார்த்தது. படிக்காதவர்களுக்கும் பார்த்தவுடன் புரிந்தது.

பாதியில் நின்ற பேச்சு

1951-ம் ஆண்டு அக்டோபரில் மீண்டும் தேர்தல். இந்தத் தடவை கட்சிகளுக்குத் துணிவு வந்தது. ஒவ்வொரு கட்சியும் டெலிவிஷனில் ஒரு தடவை பேசுவது என்று முடிவாயிற்று.

முதலில் வந்தவர் லிபரல் கட்சியின் சாமுவேல் பிரபு. வயது 80. பழுத்த அனுபவசாலி. ஆனால் காமிரா புதிது. எழுதி வைத்ததைப் படித்துக் கொண்டே போனார். பேச்சு முடியவில்லை, ஒளிபரப்பு முடிந்துவிட்டது! பேச்சுப் பாதியில் நின்றது.

மறுநாள் கன்சர்வேடிவ் கட்சியின் ஈடன் வந்தார். அழகர். மிடுக்கானவர். லெஸ்லி மிச்செல் என்ற புகழ்பெற்ற அறிவிப்பாளர் அவரைக் கேள்வி கேட்டார். ஈடன் தயக்கம் இல்லாமல் பதில் சொன்னார். தயங்குவானேன்? கேள்வியும் பதிலும் முன்கூட்டியே பேசி வைத்தவை.

அந்த நிகழ்ச்சியில் விலைவாசி ஏறியதை ஒரு கோட்டுப் படம் போட்டுக் காட்டினார்கள். கோடு மலை போல் ஏறியது. அடுத்த நாள் தொழிற்கட்சியின் மேஹ்யூ வந்து, அந்தப் படம் மக்களை ஏமாற்றும் படம் என்று கூறித் தாமும் படம் காட்டினார்.

சர்ச்சில் மட்டும் வரவில்லை. அந்தத் தேர்தலில் அவர்தான் ஜெயித்துப் பிரதம மந்திரி ஆனார். 1954-ல் ரகசியமாக ஒரு காமிராவை வைத்துப் பேசிப் பார்த்தார். படம் அவருக்குப் பிடிக்கவில்லை. அதோடு சரி!

பூட்டு உடைந்தது

1953-ம் ஆண்டு ஜூன் மாதம் எலிசபெத் ராணிக்கு முடிசூட்டு விழா. அதைப் பார்ப்பதற்காகவே மக்கள் டெலிவிஷன் வாங்கினார்கள். 1955-ல் லைசென்சு 45 லட்சத்தை எட்டிவிட்டது.

அதே 1955 செப்டம்பரில் பி.பி.சி.க்குப் போட்டியாக, விளம்பரப் பணத்தில் நடக்கும் ஐ.டி.வி. வந்தது. 1956-ம் ஆண்டுக் கடைசியில் 14 நாள் விதியையும் தள்ளி வைத்தார்கள். அது திரும்ப வரவே இல்லை.

1958 பிப்ரவரியில் ராச்டேல் என்ற பஞ்சாலை ஊரில் இடைத்தேர்தல் வந்தது. லிபரல் கட்சிக்கு நின்றவர் லுடோவிக் கென்னடி. அவரே டெலிவிஷனில் செய்தி வாசித்தவர். மனைவியோ மோய்ரா ஷியரர் என்ற புகழ்பெற்ற நடன, சினிமா நட்சத்திரம்!

ஐ.டி.வி.யைச் சேர்ந்த கிரானடா கம்பெனி துணிந்தது. மூன்று அபேட்சகர்களையும் டெலிவிஷனில் பேச வைத்தது. ஓட்டு எண்ணுவதையும் காட்டியது.

வானம் இடிந்து விழவில்லை. யாரையும் கோர்ட்டுக்கு இழுக்கவில்லை. 100-க்கு 80 பேர் ஓட்டுப் போட்டார்கள். டெலிவிஷன் நட்சத்திரம் ஜெயித்தாரா? இல்லை. தொழிற்கட்சியின் ஜாக் மெக்கேன் ஜெயித்தார். கென்னடிக்கு இரண்டாவது இடம்தான். பெட்டியில் தெரிந்த முகம் என்பதற்காக ராச்டேல் மக்கள் ஓட்டை அள்ளிக் கொடுத்து விடவில்லை.

சட்டத்தில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. பயம்தான் போயிற்று. 1959-ம் ஆண்டு பொதுத்தேர்தலில் இரண்டு டெலிவிஷன்களும் பிரசாரச் செய்திகளைக் காட்டின. பிரதம மந்திரி மாக்மில்லன், பெரிய பூகோள உருண்டையைச் சுழற்றிக் காட்டிப் பேசினார். 100 இடம் மெஜாரிட்டியில் ஜெயித்தார்.

கந்தல் வியாபாரியும் பிரதம மந்திரியும்

1964-ல் நடந்தது இதைவிட வேடிக்கை.

"ஸ்டெப்டோவும் மகனும்" என்று ஒரு சிரிப்பு நாடகம். கந்தல் துணியும் பழைய சாமானும் வாங்கி விற்கும் தகப்பனும் மகனும் எப்போதும் சண்டை போடுவார்கள். நாடே அதைப் பார்த்துச் சிரித்தது.

அக்டோபர் 15-ந் தேதி தேர்தல். அன்று மாலை, ஓட்டுப் பதிவு நடக்கும் நேரத்திலேயே இந்த நாடகத்தைக் காட்டுவதாக இருந்தது. தொழிற்கட்சித் தலைவர் வில்சனுக்குக் கவலை வந்துவிட்டது. அவர் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் தொழிலாளிகள். பகலெல்லாம் வேலை. மாலையில்தான் ஓட்டுச் சாவடிக்குப் போவார்கள். நாடகம் பார்க்க உட்கார்ந்து விட்டால்?

வில்சன் பி.பி.சி. தலைவர் ஹியூ கிரீனிடம் முறையிட்டார். ஓட்டுச் சாவடி மூடும் இரவு 9 மணிக்கு நாடகம் தள்ளி வைக்கப்பட்டது.

தேர்தலில் தொழிற்கட்சி ஜெயித்தது. மெஜாரிட்டி எவ்வளவு? நான்கே இடம்! வில்சன் பிரதம மந்திரி ஆனார்.

14 ஆண்டுகளுக்கு முன் தேர்தலைக் கண்டு டெலிவிஷன் பயந்தது. இப்போது டெலிவிஷனைக் கண்டு தேர்தல் பயந்தது!

தந்தையும் மகனும்

1955 முதல் 1964 வரை பி.பி.சி.யின் தேர்தல் இரவுகளை நடத்தியவர் ரிச்சர்டு டிம்பிள்பி. கம்பீரமான குரல். 1965-ம் ஆண்டு டிசம்பரில் புற்றுநோய் அவரைக் கொண்டு போயிற்று. பிறகு அவர் மகன் டேவிட் டிம்பிள்பி அதே இடத்துக்கு வந்தார். 1979 முதல் 2017 வரை நடத்தினார்.

25 வயதில் வந்த பட்லர் 1979 வரை ஒவ்வொரு பொதுத்தேர்தல் இரவிலும் பி.பி.சி.யில் கணக்குச் சொன்னார். அவருடைய கணக்கு நம் நாட்டுக்கும் வந்தது. பிரணாய் ராய், அசோக் லாகிரி என்ற இருவருடன் சேர்ந்து, இந்தியத் தேர்தல்களைப் பற்றி அவர் புத்தகம் எழுதினார். 2022 நவம்பரில், 98-வது வயதில் காலமானார்.

கோல்டி அம்மையார் பி.பி.சி.யில் பெரிய பதவிக்கு உயர்ந்தார். 1986-ல் மறைந்தார்.

2010-ம் ஆண்டு ஏப்ரலில் மூன்று கட்சித் தலைவர்களும் முதல் தடவையாக ஒரே டெலிவிஷன் மேடையில் நின்று வாதாடினார்கள். தேர்தலுக்கு முன்னாலேயே, மக்கள் கண் எதிரிலேயே!

ஓட்டுப் போடும் முன் எதையும் காட்டாமல் இருந்த பெட்டி, அந்த இடத்துக்கு வர 60 ஆண்டுகள் ஆயின. அதற்கு முதல் வாசலைத் திறந்தது, குன்றின் மேல் விளக்கெரிந்த அந்த பிப்ரவரி இரவு.