காலி நொடிகளின் கணக்கு

சென்னையையும் போர்ட் பிளேரையும் இன்னும் சில தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளம், ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவு. அதுவரை அந்தமான் செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்தது. இவ்வளவு பணத்தைக் கடலுக்கடியில் போட்டுவிட்டு, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் அதில் பேசலாம் என்றால் எந்த அரசுக்கும் கட்டுப்படியாகாது. தொலைதூர வலையமைப்பு என்றதும் தூரம்தான் பெரிய சிக்கல் என்று தோன்றும். ஆனால் நூறாண்டுக்கு மேலாகப் பொறியாளர்களை அதிகம் வாட்டிய கேள்வி, ஒரே பாதையைப் பலருக்கு எப்படிப் பகிர்வது என்பது. மல்டிபிளெக்சிங் என்ற துறையே இதற்குத்தான் பிறந்தது. பாதையை முன்கூட்டியே கூறுபோட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடலாம். அல்லது கூறுபோடாமல், யாருக்கு எப்போது தேவையோ அப்போது கொடுக்கலாம். இன்று நம் கைபேசிக்கு இணையம் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கு இரண்டாவது வழியே முதல் காரணம் என்பது என் கணிப்பு. அதனால் வரும் தாமதம் நாம் மனமறிந்து தரக்கூடிய விலைதான்.

கூறுபோடும் வழியில் பழையது அதிர்வெண் பங்கீடு. தொலைபேசிக் குரலுக்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை போதும். ஒவ்வொரு குரலுக்கும் 4,000 ஹெர்ட்ஸ் ஒதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வெவ்வேறு அதிர்வெண்களில் ஏற்றிவிட்டால் ஒரே கம்பியில் பல உரையாடல்கள் கலக்காமல் போகும். வானொலி நிலையங்கள் ஒரே காற்றைப் பகிர்வது போலத்தான். அடுத்து வந்த காலப் பங்கீட்டைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். இந்தியத் தொலைபேசி நிலையங்களை இணைக்கப் பயன்பட்ட இ1 இணைப்பில் ஒரு நொடி 8,000 துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒரு துண்டின் அளவு 125 மைக்ரோ நொடி. அதற்குள் 32 இடங்கள், ஒவ்வொன்றிலும் 8 பிட்கள். முதல் இடம் இரு முனைகளும் தாளம் தப்பாமல் இருப்பதற்கு. பதினேழாவது இடம் அழைப்பைத் தொடங்குவது, முடிப்பது போன்ற தகவல்களுக்கு. மீதி 30 இடங்களில் 30 குரல்கள். ஒவ்வொரு குரலுக்கும் தன் முறை வரும்போது நான்கு மைக்ரோ நொடிக்கும் சற்றுக் குறைவான நேரம்தான் கிடைக்கும். இருந்தும் நொடிக்கு 8,000 முறை அது திரும்பத் திரும்ப வருவதால் காதுக்கு இடைவெளி தெரிவதில்லை. அழகான ஏற்பாடுதான். குறை எங்கே என்றால், மறுமுனையில் பேசுபவரை நீங்கள் வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதும் உங்கள் இடம் உங்களுக்கே. உங்கள் மௌனமும் நொடிக்கு 64,000 பிட்களாக ஊர்விட்டு ஊர் போய்க்கொண்டிருக்கும். ஒருவர் பேச மற்றவர் கேட்பதுதான் உரையாடல் என்பதால், ஒரு திசையில் போகும் இடங்களில் ஏறக்குறைய பாதி எப்போதும் வெறும் மௌனத்தைச் சுமக்கிறது.

இந்த வீணடிப்பு முதலில் உறுத்தியது அட்லாண்டிக் கடலில். ஸ்காட்லாந்தின் ஓபனுக்கும் நியூஃபவுண்ட்லாந்தின் கிளேரன்வில்லுக்கும் இடையே 1956 செப்டம்பர் 25 அன்று திறக்கப்பட்ட டாட்-1 கேபிள், அட்லாண்டிக்கைக் கடந்த முதல் தொலைபேசிக் கேபிள். போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என இரண்டு கேபிள்கள். வழியெங்கும் கடலடியில், தேய்ந்துவரும் சமிக்ஞையைப் பெருக்க, வெற்றிடக் குழாய்களைக் கொண்ட ரிப்பீட்டர்கள். அத்தனைக்கும் பிறகு ஒரே நேரத்தில் 36 உரையாடல்கள்தான். பேசுபவரின் குரல் தனக்குரிய தடத்தில் பாதி நேரம்கூட இருப்பதில்லை என்பதைப் பெல் ஆய்வகப் பொறியாளர்கள் அளந்து வைத்திருந்தார்கள். 1960இல் டாசி என்ற கருவியை அந்தக் கேபிளின் இரு முனைகளிலும் வைத்தார்கள். ஒருவர் வாய் திறந்ததும் காலியாக இருக்கும் ஒரு தடத்தை அது அவருக்குக் கொடுக்கும். நிறுத்தினால் வாங்கி வேறொருவருக்குக் கொடுத்துவிடும். கடலில் ஒரு முழம் கேபிள்கூடக் கூட்டாமல் உரையாடல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானது. எல்லாத் தடங்களும் நிறைந்திருக்கும் கணத்தில் யாராவது பேசத் தொடங்கினால் முதல் அசை அறுபடும். அந்தக் குறையைப் பொறுத்துக்கொண்டார்கள்.

குரலிலேயே பாதி காலி என்றால் கணினியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரு பக்கத்தைக் கேட்கிறோம், அது வந்து விழுகிறது, பிறகு நிமிடக்கணக்கில் படித்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில் பால் பாரனும் பிரிட்டனில் டொனால்ட் டேவிஸும் 1960களில் தனித்தனியே எட்டிய யோசனை, தகவலைச் சிறு பாக்கெட்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் தலையிலும் முகவரி எழுதி, பாதை காலியாகும்போதெல்லாம் அனுப்புவது. 1969 அக்டோபர் 29 அன்று இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் முதல் செய்தி போனது இப்படித்தான். இதன் பலத்தை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். நூறு வீடுகள், ஒவ்வொன்றும் பத்தில் ஒரு பங்கு நேரம்தான் இணைப்பைப் பயன்படுத்துகிறது. கூறுபோட்டால் நூறு தடங்கள் வேண்டும். கேட்டால் கொடுப்பது என்று வைத்தால் இருபது தடங்களே போதும். ஒரே சமயத்தில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் கேட்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. வீடுகள் ஆயிரமானால் இருநூறு தடங்கள் வேண்டியதில்லை, அதே உறுதிக்கு 135 போதும். கூட்டம் பெருகப் பெருக ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதால், ஆளுக்கு ஆகும் செலவு குறைந்துகொண்டே போகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வீடுகள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் இயங்கினால்தானே இந்தக் கணக்கு சரி? தேர்தல் முடிவு வரும் நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில்தான் வருவார்கள். நியாயமான கேள்வி. 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலேயே இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. நெரிசலில் தொலைந்த பாக்கெட்டுகளை ஒவ்வொரு கணினியும் மறுபடி மறுபடி அனுப்பி நெரிசலை மேலும் கூட்டியதே காரணம். வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட தீர்வு, பாக்கெட் தொலைந்தால் அதை நெரிசலின் அடையாளமாக எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கணினியும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்வது. நிலைமை சீரானதும் மெல்ல ஏற்றுவது. நடுவில் நின்று கட்டளையிட யாரும் இல்லை. இன்றும் இணையம் குலையாமல் நிற்பதற்கு இந்த ஒழுக்கம் அடித்தளம். கூறுபோட்ட வலையமைப்பில் நெரிசல் வந்தால் என்ன ஆனது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். டிரங்க் கால் பதிந்துவிட்டு மணிக்கணக்கில் போனருகே காத்திருந்தவர்களுக்கு அது தெரியும். அங்கே இடம் கிடைத்தவருக்கு முழுச் சேவை, கிடைக்காதவருக்கு ஒன்றுமே இல்லை. எல்லோருக்கும் கொஞ்சம் மெதுவாகக் கிடைப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

சீராக ஓடும் போக்குவரத்துக்கு முன்கூட்டியே இடம் பிடித்துவைப்பதுதான் சரி என்பதை மறுக்க முடியாது. வங்கிகள் தமக்கென்றே ஒதுக்கப்பட்ட லீஸ்டு லைன் வாங்குவது அதனால்தான். கடலடிக் கேபிளுக்குள்ளும் அந்தப் பழைய முறை உயிரோடிருக்கிறது. ஒரே கண்ணாடியிழையில், 1,550 நானோமீட்டருக்கு இருபுறமும் நெருக்கமாக அமைந்த பல பத்து அலைநீளங்கள், ஒவ்வொன்றும் நொடிக்கு 100 கிகாபிட் அல்லது அதற்கு மேல் சுமந்து செல்கின்றன. இது அதிர்வெண் பங்கீட்டின் ஒளி வடிவமே. அங்கே அது வீணாகாததற்குக் காரணம், கரையில் லட்சக்கணக்கானோரின் பாக்கெட்டுகள் ஏற்கெனவே ஒன்றுகூடி, மேடுபள்ளம் மழுங்கி, ஒரே சீரான ஓட்டமாக மாறிய பிறகே கடலில் இறங்குவதுதான்.

கண்ணாடியிழை மலிவுதானே, இன்னும் பல இழைகளைப் போட்டால் பகிர்வே வேண்டாமே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நிலத்தில் ஓரளவுக்கு அது உண்மை. கடலில் சில பத்து கிலோமீட்டருக்கு ஒரு ரிப்பீட்டர் வேண்டும். அதற்குள் எர்பியம் கலந்த இழையும், அதற்கு ஆற்றல் ஊட்டும் லேசர்களும் இருக்கும். அத்தனைக்கும் மின்சாரம் கரையிலிருந்து ஒரே செப்புக் கடத்தி வழியாக, ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தத்தில் போக வேண்டும். இழையைக் கூட்டினால் அந்த மின்சாரத்தையும் பங்கிட்டாக வேண்டும். அமெரிக்காவையும் பிரான்ஸையும் இணைத்து 2021இல் இயங்கத் தொடங்கிய டூனான்ட் கேபிளில் 12 ஜோடி இழைகள், மொத்தம் நொடிக்கு 250 டெராபிட். முந்தைய கேபிள்களில் ஒவ்வொரு ஜோடிக்கும் தனித் தனி லேசர்கள் இருந்தன. டூனான்டில் அந்த லேசர்களைப் பல ஜோடிகள் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன.