மூச்சிழந்த காற்றுத் துவக்கு

பழுதுற்ற பொருளைக் கண்டதும் எறிந்துவிட்டுப் புதியதொன்றை வாங்குதல் இக்காலத்து வழக்கமாகிவிட்டது. அப்பொருளில் உண்மையாகவே அழிந்த பகுதி எது, உறங்கிக் கிடக்கும் பகுதி எது என ஆராய்ந்து பார்ப்போர் சிலரே. அவ்வாராய்ச்சிக்கு நல்லதோர் உதாரணமாகப் பழைய காற்றுத் துவக்கொன்றைச் செப்பனிடும் வேலையை இன்று வாசகர்முன் வைக்கின்றோம். துவக்குச் சுடுவதில் விருப்பமில்லாதாரும், பௌதிகம் கற்கும் மாணாக்கரும் இதனாற் பயன்பெறுவர் என்பது நமது நம்பிக்கை.

இங்கிலாந்திலே பேர்மிங்காம் நகரில் 1905ஆம் ஆண்டு தொடக்கம் செய்யப்பட்ட பி. எஸ். ஏ. காற்றுத் துவக்கையே இங்கு எடுத்துக்கொள்கின்றோம். இப்பெயர் நம்மவர்க்குப் புதியதன்று. பி. எஸ். ஏ. சைக்கிளையும் மோட்டார்ச் சைக்கிளையும் நம் பாட்டன்மார் நன்கறிவர். "பேர்மிங்காம் சிற்றாயுதக் கம்பனி" என்பதன் ஆங்கில முதலெழுத்துக்களே அவை. 1861ஆம் ஆண்டில் அந்நகரத்துத் துவக்குத் தொழிலாளர் பலர் ஒன்றுகூடி அமைத்த கம்பனி அது. ஆயுதங்களுக்குக் கேள்வி குறைந்தபோது சைக்கிள் செய்தது. 1910இல் மோட்டார்ச் சைக்கிளும் செய்யத் தொடங்கிற்று. மூன்று துவக்குகளைக் கூம்பாகச் சாத்திவைத்த சின்னமே அதன் வியாபாரக் குறி.

விளையாட்டுப் பொருளன்று

காற்றுத் துவக்கு என்றதும் சிறுவர் விளையாட்டுப் பொருள் என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் தவறானது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலே ஜிரார்டோனி என்பார் வகுத்த காற்றுத் துவக்கை ஆஸ்திரியப் படையினர் ஏந்தினர். 1804இல் அமெரிக்காவின் மேற்றிசை நோக்கிப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் என்னும் இருவரும் தம் பயணத்திற் காற்றுத் துவக்கொன்றைக் கொண்டுசென்றனர்.

எனினும், எளியோர் கைக்கெட்டிய செம்மையான காற்றுத் துவக்கு பிற்காலத்தே தோன்றியது. அதற்கு முன்னிருந்த மலிவான துவக்குகள் பலவற்றில், குழலையே நடுவில் மடித்து வில்லை முறுக்க வேண்டும். நாளடைவில் அம்மடிப்புத் தளர, குறியும் தவறும். பேர்மிங்காமில் துவக்கு வணிகராயிருந்த லிங்கன் ஜெவ்ரீஸ் என்பார் 1904இல் இக்குறைக்குப் பரிகாரம் கண்டு உரிமைப் பத்திரமும் பெற்றார். அவர் அமைப்பிலே குழல் அசையாது நிற்கும். அதன் அடியிலுள்ள நெம்பொன்றே வில்லை முறுக்கும். சன்னத்தை உள்ளே இடுவதற்குத் தண்ணீர்க் குழாயின் திருகுபோன்றதோர் அடைப்பான் உண்டு. அதனைத் திருப்பினால் துளை மேலே வரும். சன்னத்தை இட்டு மீளத் திருப்பினால் அது குழலுக்கு நேராக நிற்கும். இவ்வமைப்பையே அடுத்த ஆண்டு பி. எஸ். ஏ. கம்பனி செய்யத் தொடங்கிற்று.

தென்னாபிரிக்கப் போர் 1902இல் முடிந்தபின், குறிபார்த்துச் சுடும் பயிற்சி பொதுமக்களுக்கு வேண்டுமென்ற எண்ணம் பிரித்தானியாவிற் பரவியிருந்த காலம் அது. பேர்மிங்காமைச் சூழ்ந்த ஊர்களிலே தொழிலாளர் மாலை வேளைகளில் மதுச்சாலைகளிற் கூடி 'மணியடிக்கும்' போட்டி நடத்தினர். இரும்புத் தகட்டிலே சிறு துளை. அதன் பின்னே ஒரு மணி. 6 யார் தூரத்திலிருந்து சுட்ட சன்னம் துளைக்குள் நுழைந்தால் மணி ஒலிக்கும். பகலெல்லாம் பட்டறையில் உழைத்த கைகளுக்கு அம்மணியோசையே பரிசு.

இரண்டாம் உலகப் போர் இவ்வகைத் துவக்கின் உற்பத்திக்கு முடிவு கட்டிற்று. 1940ஆம் ஆண்டு நவம்பர் 19ஆந் தேதி இரவு கம்பனியின் தொழிற்சாலைமீது வீழ்ந்த குண்டுகளால் 53 தொழிலாளர் மாண்டனர். இன்று பழைய வீட்டுப் பரணொன்றிலே கறள் படிந்து கிடக்கும் துவக்கு, அத்தகைய தொழிலாளர் பரம்பரையின் கைவேலையாகும்.

சைக்கிள் பம்பும் துவக்கும்

இதன் உட்பொறியை அறிவதற்குச் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பழைய பம்பை நினைத்துக்கொண்டாற் போதும். பம்பின் தண்டு நுனியிலே கிண்ணம்போன்ற தோல் வாசர் ஒன்றுண்டு. தண்டை அழுத்தும்போது காற்று அத்தோலின் விளிம்பை விரித்து உருளையின் சுவரோடு ஒட்டச் செய்யும். அதனாற் காற்றுப் பின்னோக்கிக் கசியாது. தோல் உலர்ந்து சுருங்கிவிட்டால் எவ்வளவு அடித்தாலும் சக்கரத்திற் காற்று ஏறாது. இரண்டு துளி எண்ணெய் விட்டுத் தோலை இளக்கினாற் பம்பு மீண்டும் வேலை செய்யும்.

காற்றுத் துவக்கும் இத்தகையதே. தடித்த உருக்கு உருளைக்குள் ஒரு முசலம். அதன் முகப்பிலே தோல் வாசர். பின்னே வலிய சுருள்வில். நெம்பை இழுக்கும்போது நமது கைவலி முழுவதும் வில்லிற் சேமிக்கப்படுகின்றது. முசலம் ஒரு கொளுவியில் மாட்டி நிற்கும். விசையை அழுத்தினாற் கொளுவி விடுபட, வில் முசலத்தை முன்தள்ளும். கண்ணிமைக்கும் நேரத்துள் காற்று ஒடுங்கி, சிறு துளைவழியே பாய்ந்து சன்னத்தைத் தள்ளுகின்றது. எஞ்சிய காற்று முசலத்துக்கு மெத்தைபோல் நின்று அதன் மோதலைத் தணிக்கின்றது.

இங்கு மாணாக்கர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சன்னமின்றி வெறுமனே சுட்டால் காற்று தடையின்றி வெளியேறிவிடும். மெத்தையில்லாத முசலம் உருளையின் முகப்பில் மோதும். தோல் உலர்ந்த துவக்கிலும் இதுவே நிகழும். மறுபுறம், எண்ணெயை மிகுதியாக விட்டாலோ, ஒடுங்கிய காற்றின் வெப்பத்தால் அவ்வெண்ணெய் தீப்பற்றி வெடிக்கும். டீசல் எஞ்சின் இயங்கும் தத்துவம் இதுவே. எஞ்சினுக்கு நன்மையான அவ்வெடிப்பு, துவக்கின் வில்லை ஒடித்துவிடக் கூடும்.

தொடுமுன் செய்ய வேண்டுவன

பழைய துவக்கு கைக்கு வந்ததும் திருப்புளியைத் தேடி ஓடுதல் கூடாது. முதலில் வேண்டுவது சட்ட அறிவு. இங்கிலாந்திலே 12 அடி-இறாத்தல், அதாவது ஏறக்குறைய 16 ஜூல், சக்திக்கு மேற்படாத காற்றுத் துவக்குக்கு அனுமதிப் பத்திரம் வேண்டியதில்லை. ஸ்கொட்லாந்திலோ 2016ஆம் ஆண்டின் இறுதிநாள் தொடக்கம் அதற்கும் பத்திரம் வேண்டும். ஒரே தீவிலே இத்தனை வேறுபாடு இருக்குமாயின், பிற நாடுகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? நம் நாட்டில் இத்தகைய பொருள் ஒருவர் கையில் அகப்படின், பொலிஸ் நிலையத்திற் கேட்டறிந்த பின்னரே அதைத் தொடுதல் முறை.

அடுத்தது பாதுகாப்பு. எத்தனை ஆண்டுகள் பரணிற் கிடந்ததாயினும் அது நிரப்பப்பட்டிருக்கின்றது என்றே கொள்ள வேண்டும். வில் முறுக்கிய நிலையிலே கைவிடப்பட்ட துவக்குகளும் உண்டு. தேய்ந்த கொளுவி திடீரென வழுகினால் நெம்பு மீண்டுவந்து விரலை முறித்துவிடும். ஆகையால் வில்லை முறுக்கிச் சன்னம் இடும்போது நெம்பை ஒரு கையால் இறுகப் பற்றியிருத்தல் அவசியம்.

மூன்றாவது பொறுமை. கறளேறிய திருகாணிகளுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டுச் சில நாட்கள் வாளாவிருத்தலே நல்லது. திருப்புளியின் நுனி திருகாணியின் வெட்டுக்கு அளவாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிடின் அராவிப் பொருத்துக. தலை சிதைந்த திருகாணியைக் கண்டால், முன்னொரு காலத்தில் அவசரக்காரர் ஒருவர் அங்கே கைவைத்தார் என்று அறியலாம். வில் அடங்கிய பகுதியைக் கழற்றும்போது உருளையைப் பட்டறை வைஸிலே மரத்துண்டுகளுக்கிடையிற் பிடித்து, வில்லின் விசையைத் தாங்கிக்கொண்டே சிறிது சிறிதாக விடுவிக்க வேண்டும். இவ்வேலையில் அனுபவமில்லாதார் தனியே இறங்குதல் தகாது. சிறுவர்க்கு இது ஒருபோதும் உரியதன்று.

கறளும் மரமும்

கழற்றிய உறுப்புக்களை மண்ணெண்ணெயிற் கழுவினால், கெட்டிப்பட்டுப் பிசினாகிப்போன பழைய எண்ணெய் கரைந்தோடும். 'இயங்கவில்லை' என்று தள்ளப்பட்ட துவக்குகள் பலவற்றின் நோய் இப்பிசினே. பின்னர் மெல்லிய எண்ணெயில் நனைத்த நுண்ணிய இரும்புப் பஞ்சினாற் கறளை நீக்கலாம். இங்குதான் ஆசை வந்து கெடுக்கும். அரத்தாளும் சுழலும் சாணையும் கொண்டு கண்ணாடிபோல மினுக்கிவிட்டால், கம்பனியின் பெயரும் இலக்கங்களும் உரிமைப் பத்திரக் குறிப்பும் தேய்ந்து மறையும். கறளை மறுநாளும் அகற்றலாம். தேய்த்தழித்த எழுத்தை மீண்டும் எழுத எவராலும் இயலாது. செப்பனிடும் கலையின் முதல் விதி இதுவே: மீட்க முடியாத செயலை இறுதிவரை ஒத்திவைக்க வேண்டும்.

பிடங்கு வால்நட் மரத்தாலானது. அதில் அழுந்திய பள்ளங்களின்மீது ஈரத்துணியை விரித்துச் சூடான ஸ்திரிக்கைப் பெட்டியை மெல்ல ஒற்றினால், ஆவி நுழைந்து நசுங்கிய நார்கள் மீண்டெழும். மரம் உலர்ந்தபின் ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாகப் பூசி, ஒவ்வொரு பூச்சையும் நன்கு காயவிட்டுத் தேய்த்துவந்தால் பழைய நிறம் தெளியும். ஆனால் அவ்வெண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையிற் போடலாகாது. தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியவை அவை. விரித்துக் காயப்போடுதல் வேண்டும்.

தோலும் வில்லும்

இனி உயிர்நிலைக்கு வருவோம். முசலத்தின் தோல் கிழியாதிருப்பின் அதனை எறிதல் வேண்டா. அதற்குரிய எண்ணெயில் நன்கு ஊறவைத்தால், ஓடுபோல் இறுகிய தோலும் மெல்ல இளகிக் கிண்ண வடிவு பெறும். கிழிந்திருப்பின் புதியது வேண்டும். இப்பழந்துவக்குகளுக்கெனத் தோல் வாசரும் வில்லும் செய்து விற்போர் பிரித்தானியாவில் இன்றும் உளர். திருத்திப் பயன்படுத்தத்தக்கதாய்ச் செய்யப்பட்ட பொருளுக்கு உள்ள பெருமை இது: 100 ஆண்டு கழிந்தும் அதன் நோய்க்கு மருந்து கிடைக்கின்றது.

வில் நேராயுள்ளதா என அறியக் கண்ணாடித் தகட்டின்மேல் உருட்டிப் பார்த்தாற் போதும். வளைந்ததாயின் மாற்றுக. ஆனால் 'இன்னும் வலிய வில்லாக இடுவோம்' என்ற ஆசைக்கு இடங்கொடுத்தல் ஆகாது. இது பழைய உருக்கும் பழைய கொளுவியும் தாங்கும் அளவறிந்து செய்யப்பட்ட பொறி. மிகுந்த வில் கொளுவியைத் தேய்க்கும், முசலத்தை நொறுக்கும், சிலவிடத்துச் சட்டத்தின் எல்லையையும் கடக்கும். முதியவரை நோய் தீர்த்து நடக்க வைத்தல் மருத்துவம். ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்புதல் கொடுமையாகும்.

அடைப்பானும் சோதிக்கத்தக்கது. அதன் உடல் சற்றே கூம்பியது. தனக்குரிய குழியில் உராய்ந்து பொருந்தும்படி கடையப்பட்டது. ஆதலால் வேறொரு துவக்கின் அடைப்பானை இதற்கு இட்டாற் பொருந்தும் என்ற நிச்சயமில்லை. துவக்கை உறுதியாகப் பொருத்தி வைத்து, அடைப்பானருகே பஞ்சிழை ஒன்றை ஒட்டிச் சன்னமிட்டுச் சுட்டுப் பார்க்கலாம். இழை துடித்தால் அங்கே காற்றுக் கசிகின்றது.

பரீட்சை

யாவும் பூட்டி முடிந்தபின், அளவான ஈயச் சன்னத்தை இட்டு, கண்களுக்குக் காப்பணிந்து, பின்னே உறுதியான தடுப்புள்ள இடத்தில் அட்டை ஒன்றை நிறுத்திச் சுட்டுப் பார்க்கலாம். ஐந்து சன்னங்களும் ஒன்றையொன்று நெருங்கித் துளைக்குமாயின் வேலை வென்றது. ஈயம் நச்சுப் பொருள். ஆகவே பின்னர்க் கைகளைக் கழுவுதல் வேண்டும்.

அட்டைக்குப் பதிலாக மரத்திலிருக்கும் பறவையை நோக்குவார்க்கு ஒரு சொல். அமைதியற்ற ஆண்டுகள் பலவற்றைக் கண்ட நாட்டில் வாழும் நமக்கு, துவக்கு என்ற சொல்லே கசப்பானது. எனினும் இக்கருவியைச் சிறப்பித்த பேர்மிங்காம் தொழிலாளர் எவ்வுயிரையும் வீழ்த்தப் போட்டியிட்டாரல்லர். மணியொன்றை ஒலிக்கச் செய்யவே போட்டியிட்டனர். ஓர் உயிரை மாய்ப்பதற்காக ஒரு பொறிக்கு உயிர் கொடுப்பது வீண் உழைப்பாகும்.

இவ்வாறு செப்பனிட்ட துவக்கைக் கூர்ந்து நோக்கின், புதியதாகச் சேர்ந்தவை ஒரு துண்டுத் தோலும் ஒரு சுருள்வில்லுமே. ஏனைய யாவும் முன்னோர் கைபட்ட பொருள்களே. செத்துவிட்டதென நாம் கருதிய துவக்கில் உண்மையாகச் செத்தது உள்ளங்கை அளவினும் சிறிய பகுதியாகும். வீட்டு மூலையில் ஓசையற்றுக் கிடக்கும் தையல் இயந்திரத்துக்கும், ஓடாத சுவர்க் கடிகாரத்துக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

வேலையை முடிப்போர் இறுதியாக ஒன்று செய்தல் நன்று. கழற்றிய பழைய தோலையும் வில்லையும் ஒரு சிறு பையிலிட்டு, எந்த நாளில் எதை மாற்றினோம் என்று ஒரு தாளில் எழுதித் துவக்கோடு சேர்த்து வைக்க வேண்டும். இன்னும் 50 ஆண்டு கழித்து அதனைத் திறப்பவர்க்கு அத்தாள் வழிகாட்டியாகும்.