பணம் இருப்பது செயலியிலா, வங்கியிலா?

ஐந்து நிமிடத்தில் கணக்கு, மினிமம் பேலன்ஸ் வேண்டாம், வட்டி ஏழு சதவீதம் வரை. இப்படி வரும் விளம்பரங்களில் பொய் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆதார், பான், கைபேசி மூன்றும் கையில் இருந்தால் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் வங்கிக் கணக்கு தொடங்கிவிடலாம் என்பது உண்மைதான். எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் எந்தச் செயலியும் நன்றாகவே இருக்கும். போன் தொலைந்த அன்று, நம் கணக்கில் கழிந்த பணம் பெற வேண்டியவருக்குப் போய்ச் சேராத அன்று, காரணம் தெரியாமல் கணக்கு முடங்கிய அன்று, யார் சட்டையைப் பிடித்துக் கேட்பது? அதற்குப் பதில் தெரிந்த பிறகு கணக்கைத் தொடங்குங்கள். வட்டி, கேஷ்பேக், பளபளக்கும் டெபிட் கார்டு எல்லாம் அப்புறம்.

கிளையே இல்லாமல் முழுக்க இணையத்தில் இயங்கும் வங்கிக்கென்று இந்தியாவில் தனி உரிமம் கிடையாது. அப்படி ஒன்று வேண்டும் என்று நிதி ஆயோக் 2022இல் அறிக்கை கொடுத்தது. ரிசர்வ் வங்கி அதற்கு இசையவில்லை. ஆகவே ‘ஆன்லைன் வங்கி’ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல சரக்குகள் கலந்து கிடக்கின்றன. ஸ்டேட் வங்கியின் யோனோ, கோட்டக் 811 போன்றவை வழக்கமான வங்கிகளே நடத்துபவை. ஜூபிடர், ஃபை போன்றவை தொழில்நுட்ப நிறுவனங்கள் உருவாக்கிய செயலிகள். அவற்றின் வழியாகத் தொடங்கும் கணக்கு, அவற்றோடு கைகோத்த வங்கி ஒன்றில் இருக்கும். ஏர்டெல், இந்தியா போஸ்ட் பெயர்களில் இருப்பவை பேமெண்ட்ஸ் வங்கிகள். அவை டெபாசிட் வாங்கலாம், கடன் கொடுக்க முடியாது. நாள் முடிவில் ஒருவர் கணக்கில் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. வாலட் இந்த வரிசையிலேயே சேராது. அதில் போட்ட பணத்துக்கு வட்டியும் இல்லை, வைப்புக் காப்பீடும் இல்லை.

இந்த வேறுபாடு பலருக்கு உறைத்தது 2024இல்தான். அந்த ஆண்டு ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி புதிதாகப் பணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. முதலில் பிப்ரவரி 29 வரை கெடு, பிறகு மார்ச் 15. இருக்கும் பணத்தை எடுக்கத் தடை இருக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்குக்குச் சம்பளமோ அரசு மானியமோ வர முடியாமல் போயிற்று. பேடிஎம் செயலி வேறு வங்கிகளின் துணையோடு தொடர்ந்து ஓடியது. செயலி வேறு, வங்கி வேறு என்று அதுவரை தெரியாதவர்கள், கியூஆர் அட்டை வைத்திருந்த சிறு கடைக்காரர்கள் உட்பட, தங்கள் பணம் எங்கே வந்து விழுகிறது என்று அந்த ஆறு வாரத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள்.

அமெரிக்காவில் அதே ஆண்டு நடந்தது இதைவிட மோசம். சினாப்ஸ் என்ற நிறுவனம் யோட்டா போன்ற செயலிகளுக்கும் வங்கிகளுக்கும் நடுவே கணக்கு வழக்கைப் பார்த்துவந்தது. ஏப்ரலில் அது திவால் மனு கொடுத்தது. மே மாதத்திலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரால் தங்கள் சொந்தப் பணத்தைத் தொட முடியவில்லை. எந்தப் பணம் யாருடையது என்ற பேரேடு இடைத்தரகரிடம் இருந்ததால், வங்கியில் இருக்கும் தொகையும் வாடிக்கையாளருக்குச் சேர வேண்டிய தொகையும் ஒத்துப்போகவில்லை. 6.5 கோடி டாலரிலிருந்து 9.6 கோடி டாலர் வரை குறைகிறது என்று நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர் கணித்தார். அரசின் வைப்புக் காப்பீடு ஏன் கைகொடுக்கவில்லை? அந்தக் காப்பீடு வங்கி மூழ்கினால்தான் பேசும். இங்கே மூழ்கியது வங்கி அல்ல, தரகர்.

இந்தியாவில் நிலைமை சற்றுத் தேவலை. செயலி வழியாகத் தொடங்கினாலும் சேமிப்புக் கணக்கு வங்கியின் பேரேட்டில் உங்கள் பெயரிலேயே இருக்கும். அந்த வங்கி எது என்று அறிய ஐஎஃப்எஸ்சி குறியீட்டின் முதல் நான்கு எழுத்துகள் போதும். அது தெரிந்ததும் அந்த வங்கியின் கிளை ஒன்று உங்கள் ஊரில் இருக்கிறதா, பதிவு செய்த கைபேசி எண்ணை மாற்ற எந்தக் கிளைக்கும் போகலாமா என்று கேட்டுவிடுங்கள். சிம் பறிபோனவருக்கு ஓடிபி வராது. ஓடிபி இல்லாமல் செயலிக்குள் நுழைய முடியாது. அந்த முடிச்சை அவிழ்க்க மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் வேண்டும்.

வங்கி மூழ்கினால் வைப்புக் காப்பீட்டுக் கழகம் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை கொடுக்கும். பஞ்சாப் அண்ட் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி 2019 செப்டம்பரில் முடங்கி, வாடிக்கையாளர் ஆளுக்கு 1,000 ரூபாய் மட்டுமே எடுக்கலாம் என்ற நிலை வந்த பிறகே, ஒரு லட்சமாக இருந்த இந்த வரம்பு 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சமானது. வங்கிக்குக் கட்டுப்பாடு விதித்தால் 90 நாளுக்குள் காப்பீட்டுத் தொகை தர வேண்டும் என்று 2021இல் சட்டத்தையும் திருத்தினார்கள். சிறு நிதி வங்கிகளுக்கும் பேமெண்ட்ஸ் வங்கிகளுக்கும் இது பொருந்தும். ஒன்றை மட்டும் பலர் கவனிப்பதில்லை. ஐந்து லட்சம் என்பது ஒரு வங்கியில் ஒருவருக்கு. ஒரு செயலிக்கு அல்ல. ஜூபிடர், ஃபை இரண்டுமே ஃபெடரல் வங்கியோடு சேர்ந்து தொடங்கப்பட்டவை. அப்படி இரண்டு செயலிகளில் தலா நான்கு லட்சம் வைத்தவர், பணத்தைப் பிரித்து வைத்ததாக நினைக்கலாம். காப்பீட்டுக் கணக்கில் அது ஒரே வங்கியில் எட்டு லட்சம்.

வட்டிக்கு வருவோம், அதிக நேரம் வேண்டாம். ஸ்டேட் வங்கி 2025 ஜூனிலிருந்து சேமிப்புக் கணக்குக்கு 2.5 சதவீதம் தருகிறது. அங்கே வருடம் முழுக்க 50,000 ரூபாய் இருந்தால் வட்டி 1,250. ஏழு சதவீதம் தரும் இடத்தில் 3,500. மாதத்துக்கு இருநூறு ரூபாய்க்குக் குறைவான வித்தியாசம். அதுவும், அந்த ஏழு சதவீதம் பெரும்பாலும் குறிப்பிட்ட லட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமே. அன்றாடச் செலவுக்கு ஓடும் கணக்கில் இதற்காக இடம் மாறுவது வீண் அலைச்சல் என்பது என் எண்ணம். அசையாமல் கிடக்கும் சேமிப்பு என்றால் கணக்குப் பார்க்கலாம், ஐந்து லட்சத்துக்குள் நின்றுகொண்டு.

ஐந்து நிமிடக் கணக்கில் ஒரு கொக்கி உண்டு. ஆதார் ஓடிபி மட்டும் கொடுத்துத் தொடங்கிய கணக்கில் இருப்பு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஒரு நிதியாண்டில் வரவு இரண்டு லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஓராண்டுக்குள் நேரிலோ வீடியோ அழைப்பிலோ கேஒய்சியை முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு தொடராது. சம்பளக் கணக்காக இதை நம்பியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். தொடங்கிய வாரமே வீடியோ கேஒய்சியை முடித்துவிடுங்கள்.

இனி, களவு. நீங்கள் செய்யாத பரிவர்த்தனையில் பணம் போனால் யார் தலையில் விழும் என்பதற்கு 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி இருக்கிறது. குறை வங்கியுடையது என்றால், நீங்கள் புகார் செய்தாலும் செய்யாவிட்டாலும் இழப்பு முழுவதும் வங்கியைச் சேரும். குறை வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, நடுவில் எங்கோ ஓட்டை என்றால் நாள் கணக்குதான் தீர்மானிக்கும். பணம் போனதாக வங்கியின் தகவல் வந்த நாளை விட்டுவிட்டு மூன்று வேலைநாளுக்குள் வங்கியிடம் சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை. நான்கு முதல் ஏழு வேலைநாளுக்குள் சொன்னால் சாதாரண சேமிப்புக் கணக்கில் உங்கள் பங்கு அதிகபட்சம் 10,000 ரூபாய், அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் 5,000. ஏழைத் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கை. நீங்கள் சொன்ன பத்து வேலைநாளுக்குள் அந்தத் தொகையை வங்கி உங்கள் கணக்கில் தற்காலிகமாகவாவது வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் புகாரை முடிக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கிக்கே. வாடிக்கையாளர் சேவையில் பேசுபவர் இதைத் தானாக எடுத்துச் சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதுங்கள்.

ஓடிபியையோ பின்னையோ நாமே கொடுத்து ஏமாந்தால்? அப்போதும் கதவு முழுதாகச் சாத்தப்படுவதில்லை. வங்கியிடம் சொல்லும் வரை போனது நம்முடையது. சொன்ன பிறகும் போனால் அது வங்கியுடையது. ஏமாந்தது வெளியே தெரிந்தால் அவமானம் என்று இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருப்பவர்கள் அதிகம், அதிலும் படித்தவர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள். அந்த இரண்டு நாளில் பணம் நான்கைந்து கணக்கு தாண்டி ஏதோ ஓர் ஏடிஎம்மில் நோட்டாக வெளியேறிவிடும். பணம் போனது தெரிந்த உடனே சைபர் மோசடிக்கான உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், அடுத்த அழைப்பு வங்கிக்கு. பணம் ஏதாவதொரு கணக்கில் நிற்கும்போதே முடக்கிவிட்டால்தான் திரும்பி வர வழியுண்டு. இணையத்தில் சைபர் குற்றப் புகார் தளத்தைத் தேடிக்கொண்டு நேரத்தைக் கழிப்பதைவிட முதலில் போன் செய்வது மேல். எழுத்துப் புகாரை அதன்பின் பதியலாம்.

வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடி எடுப்பதும் ஆபத்து. தேடலில் மேலே வருவது மோசடிக்காரரின் எண்ணாக இருக்கலாம். வங்கிகளின் இணைய முகவரிகள் ‘பேங்க் டாட் இன்’ என்று முடிய வேண்டும், 2025 அக்டோபருக்குள் எல்லா வங்கியும் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது இதற்காகத்தான். எண்ணை அங்கிருந்தோ டெபிட் கார்டின் பின்புறத்திலிருந்தோ எடுத்து இப்போதே போனில் சேமித்து வையுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை என்பதை வீட்டில் எல்லோருக்கும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

களவு இல்லாமலே பணம் அந்தரத்தில் நிற்பதும் உண்டு. ஒருவருக்கு யுபிஐயில் அனுப்பியது உங்கள் கணக்கில் கழிந்து அவருக்குச் சேரவில்லை என்றால், அடுத்த நாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியது, ஏடிஎம்மில் வராத பணம் இரண்டுக்கும் ஐந்து நாள். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு, நீங்கள் கேட்காமலே தர வேண்டும் என்பது 2019 செப்டம்பர் விதி. கேட்டால்தான் கிடைக்கும் என்பது நடைமுறை. பரிவர்த்தனை எண்ணோடு கேளுங்கள்.

எங்கே கேட்பது? செயலியின் சாட்டில் கேட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். வேலையை வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்தாலும் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு வங்கியே என்பது ரிசர்வ் வங்கியின் நிலை. ஆகவே வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பி, புகார் எண் வாங்கி வையுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீல் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் புகார் தளத்தில் பதியலாம். சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம், எந்த மொழியில் எழுதினாலும் ஏற்பார்கள். வழி தெரியாதவர்களுக்கு 14448 என்ற இலவச எண் இருக்கிறது. மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம், அதற்கும் காலக்கெடு உண்டு.

பெரிய வங்கி என்றால் இந்தத் தொல்லை வராது என்று சொல்ல முடியாது. தொழில்நுட்பக் கோளாறுகள் காரணமாக எச்டிஎஃப்சி வங்கியின் புதிய டிஜிட்டல் முயற்சிகளை 2020 டிசம்பரில் ரிசர்வ் வங்கி நிறுத்திவைத்தது. கோட்டக் வங்கி ஆன்லைன் வழியாகப் புது வாடிக்கையாளரைச் சேர்க்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி தடை விதித்தது. அந்தத் தடை விலக 2025 பிப்ரவரி ஆயிற்று. எனவே எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காமல் இரண்டு வங்கிகளில் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. யுபிஐயோடு இணைத்த கணக்கில் ஒரு மாதச் செலவுக்கான பணம் மட்டும். சேமிப்பு இருக்கும் மற்றதை எந்தப் பணச் செயலியோடும் இணைக்காதீர்கள். மோசடிக்காரர் போனுக்குள் புகுந்தாலும் கைக்கு எட்டுவது ஒரு மாதச் செலவுதான்.

கடைசியாக, கணக்கு தொடங்கும் அவசரத்தில் எல்லோரும் தாண்டிப்போகும் திரை: நாமினி. காகிதப் பாஸ்புக் இருந்த காலத்தில் பீரோவைத் திறந்தாலே அப்பாவுக்கு எந்த வங்கியில் கணக்கு என்று தெரிந்துவிடும். செயலிக் கணக்கு போனின் பூட்டுக்குள் இருக்கிறது. பூட்டைத் திறக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம், ஆளுக்கு இவ்வளவு என்று பங்கும் குறிக்கலாம். பத்தாண்டு யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அதன்பிறகும் வாரிசுகள் கேட்டு வாங்கலாம், தேடுவதற்கு ‘உத்கம்’ என்ற தளமும் 2023 முதல் இருக்கிறது. ஆனால் அப்படியொரு கணக்கு இருந்தது என்ற சந்தேகமாவது யாருக்காவது வர வேண்டுமே. வருடத்துக்கு ஒருமுறை கணக்கு அறிக்கையை இறக்கி அச்செடுத்து, ரேஷன் கார்டு இருக்கும் கோப்பில் செருகி வையுங்கள். பாஸ்வேர்டும் பின்னும் அந்தத் தாளில் வேண்டாம். வங்கியின் பெயரும் கணக்கு எண்ணும் இருந்தால் போதும், மீதியைக் கிளையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.