அம்மம்மாவின் சம்பல், பேத்தியின் சாலட்

போன மாதம் அம்மாவின் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சீனி கூடியிருக்கு. "சோற்றைக் குறைத்து, பச்சை இலைகளைக் கூட்டுங்கோ" என்று நர்ஸ் சொன்னதை நான்தான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். தலையாட்டினார். வீட்டுக்கு வந்து நான் வைத்த சாலட்டைப் பார்த்ததும், "இதென்ன பிள்ளை, பச்சை இலையை அப்பிடியே வச்சிருக்கிறாய்? நான் என்ன மாடே?" என்று கோப்பையைத் தள்ளிவிட்டார்.

என் ஒன்பது வயது மகளின் பிரச்சினை வேறு. பள்ளிக்கூடத்தில் லெட்டஸ் சாப்பிடுவாள். வீட்டில் கீரை என்றால் முகம் சுழிப்பாள், மீன் என்றால் மூக்கைப் பொத்துவாள். ஒரு மேசையில் மூன்று பேருக்கு மூன்று சாப்பாடு. லண்டனில் வேலை முடிந்து ஆறரைக்கு வீடு வருகிற எனக்கு அது சரிவரவில்லை.

வழி காட்டியது அம்மாதான். ஒரு சனிக்கிழமை நான் கேல் இலை வெட்டிக்கொண்டிருந்தேன். "இவ்வளவு பெரிசா அரிஞ்சால் ஆர் சப்புறது?" என்று கத்தியை வாங்கினார். இலைகளை அடுக்கிச் சுருட்டி, நூல் மாதிரி அரிந்தார். "வல்லாரைச் சம்பலுக்கு இப்பிடித்தான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பச்சை இலை, வெங்காயம், மிளகாய், தேங்காய்ப்பூ, தேசிக்காய்ப் புளி. விரும்பினால் கொஞ்சம் மாசிக் கருவாடு. அதுவும் சாலட்தானே! மாசிக்குப் பதிலாக நாங்கள் மக்கரல் மீன் சேர்த்தோம்.

தேவையானவை (3 பேருக்கு)

கேல் இலை 200 கிராம்
முள் நீக்கிய மக்கரல் துண்டு 3
சின்ன சிவப்பு வெங்காயம் 1
பச்சை மிளகாய் 1
தேங்காய்ப்பூ 2 மேசைக்கரண்டி
தேசிக்காய் 1
மஞ்சள், மிளகுதூள், உப்பு

செய்முறை

மீனில் மஞ்சள், மிளகு, உப்பு தடவி 10 நிமிடம் வையுங்கோ. கேலின் நடுத்தண்டை எடுத்துவிட்டு, இலையை மெல்லிசாக அரியுங்கோ. கால் தேக்கரண்டி உப்பும் பாதித் தேசிக்காய்ப் புளியும் விட்டு, கையால் 2 நிமிடம் நன்றாகப் பிசையுங்கோ. இலை வாடி, பாதியாகக் குறையும். கடினம் போய்விடும்.

சூடான தாச்சியில் சிறிது எண்ணெய் விட்டு, மீனைத் தோல்பக்கம் கீழே வைத்து 4 நிமிடம், திருப்பி 2 நிமிடம். சதை வெள்ளையாகி, உதிர்ந்து வந்தால் வெந்துவிட்டது. ஆறவிட்டு உதிர்த்து, மிச்ச முள்ளை விரலால் தடவிப் பார்த்து எடுங்கோ. வெங்காயம், மிளகாய், தேங்காய்ப்பூ, மிச்சப் புளி எல்லாவற்றையும் இலையோடு கலந்து, மீனைக் கடைசியில் மேலே போடுங்கோ. பிள்ளையின் பங்கை மிளகாய் போட முதலே எடுத்து வைத்துவிடலாம். மணம் பிடிக்காத பிள்ளைக்குச் சால்மனை அவனில் வேகவைத்துக் கொடுத்துப் பாருங்கோ.

கவனிக்க வேண்டியவை

வாரம் இரண்டு தடவை மீன், அதில் ஒன்று எண்ணெய்ச் சத்துள்ள மீன் என்பது இங்கிலாந்தின் சுகாதார சேவை சொல்லும் கணக்கு. பெரியவர்களுக்கு ஒரு பங்கு சமைத்த மீன் 140 கிராம். மக்கரல், சார்டின், சால்மன் இந்த வகை. டின் டூனா இதில் சேராது. நேரமில்லாத நாளில் டின் சார்டின் போதும். அதன் மெல்லிய முள்ளையும் சாப்பிட்டால் கல்சியம் கிடைக்கும். தேசிக்காய்ப் புளி, இலையிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும்.

வீட்டில் யாராவது வார்ஃபரின் எடுத்தால், கேலைத் திடீரென்று கூட்டாதீர்கள். அதிலுள்ள விற்றமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும். இன்சுலின் எடுப்பவர்கள் சோற்றை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது. இரண்டுக்கும் முதலில் டாக்டரைக் கேளுங்கோ.

அம்மா இப்போது ஒரு அகப்பை சோறும் ஒரு கோப்பை சம்பலும் சாப்பிடுகிறார். சீனி குறைந்ததா என்பது அடுத்த பரிசோதனையில்தான் தெரியும். மகள் இன்னும் மீனைக் கொஞ்சம் ஒதுக்குகிறாள். ஆனால் சனிக்கிழமைகளில் இலை சுருட்டுவது அவள் வேலை. "விரல் கவனம், பிள்ளை" என்று அம்மா பக்கத்திலேயே நிற்கிறார்.

உங்கள் அம்மாவையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கோ, ஊரில் எந்த இலையைப் பச்சையாகச் சாப்பிட்டீர்கள் என்று.