திருச்சூர்ப் பூரமும் அதிகாலை வாணவேடிக்கையும்

சித்திரை வெயில் தேவாரத்து மலையடிவாரத்தில் ஏறும் நாட்களில், மலைக்கு அப்பால் திருச்சூரில் மேட மாதப் பூரம் நெருங்கிவிடும். போடிமெட்டு, மூணாறு, கோதமங்கலம் வழியாக ஒரு பகற்பொழுதுப் பயணம். யானை அணிவகுப்பையும் குடைமாற்றத்தையும் தரிசித்த பெரியவர்கள் பலர் அன்றிரவே திரும்பிவிடுகின்றனர். அதிகாலை மூன்று மணியளவில் தொடங்கும் வாணவேடிக்கையைக் காணாது வருவது குறையே.

திருச்சூர்க் கோயில்கள் முற்காலத்தில் ஆறாட்டுப்புழைப் பூரத்துக்கே எழுந்தருளின. ஓராண்டு பெருமழையால் தாமதமாகவே, அங்கு இடம் மறுக்கப்பட்டது என்பது மரபு. அதன்பின், 1790 முதல் 1805 வரை கொச்சியை ஆண்ட சக்தன் தம்புரான், வடக்குநாதர் சந்நிதியிலேயே இப்பூரத்தை ஏற்படுத்தினார். பாறமேக்காவு பகவதியும் திருவம்பாடி பகவதியும் எதிரெதிரே எழுந்தருள, இரு தரப்பாரும் யானையிலும் குடையிலும் வாணத்திலும் போட்டியிடுகின்றனர். வடக்குநாதரோ வெளியே வருவதில்லை. காலங்காலமாக அபிஷேகித்த நெய் மலைபோல் உறைந்து திருமேனியை மறைக்க, உள்ளேயே வீற்றிருக்கிறார். கோடையிலும் அந்நெய் உருகுவதில்லை என்பர்.

தேக்கின்காடு மைதானத்தில் முதலில் ஓலைப்படக்கம் சரசரவென வெடித்தோடும். பிறகு குழிமின்னல், அமிட்டு, குண்டு. இறுதிக் கூட்டுவெடியில் நிலம் அதிர்வது பாதத்தில் தெரியும். ஒலி காதைவிட நெஞ்சில்தான் முதலில் விழுகிறது. இதய நோயுள்ளோர் விடுதி மாடியிலிருந்து காண்பதே நலம். காதுக்குப் பஞ்சு அவசியம். மழை வந்தால் காத்திருக்கவும் நேரும். 2022-இல் பல நாட்கள் ஒத்திவைக்கப்பட்டது.

2016 ஏப்ரல் 10 அதிகாலை, கொல்லம் மாவட்டத்துப் பரவூர் புற்றிங்கல் தேவி கோயில் வாண விபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களும் நம்மைப் போல் அம்மனைக் காண வந்தவர்களே. அதன்பின் வெடிமருந்துக்கும் கூட்டத்துக்கும் இடையிலான தூரம் திருச்சூரிலும் கண்டிப்புடன் காக்கப்படுகிறது. அருகில் நின்று காண இயலவில்லையே என்று வருந்துவோர் உண்டு. வெடி விலகினால் விழாவின் பொலிவு குன்றும் என்னும் வாதத்தை ஏற்க மனம் வரவில்லை. வானில் விரியும் ஒளி தூரத்திலிருந்தும் முழுமையாகவே தெரிகிறது.

இயன்றவர்கள் மறுநாள் பகல் வரை தங்குங்கள். இரவெல்லாம் போட்டியிட்ட இரு தேவியரும் ஸ்ரீமூலஸ்தானத்தில் யானை மீது எதிரெதிரே நின்று, உபசாரம் சொல்லிப் பிரிகின்றனர். யானைகள் தும்பிக்கை உயர்த்துகின்றன; பெண்கள் கைகூப்பிக் கண் கலங்குகின்றனர்.