கிணற்றடி மும்பைவாசி

மும்பை மீன் என்றால் நம் நினைவுக்கு வருவது கடல்மீன்தான். விலங்கியல் மாணவனான எனக்கோ ஜோகேஸ்வரிக் கிணறு ஒன்று நினைவுக்கு வருகிறது. அங்கே பார்வையற்றோர் பள்ளியின் 40 அடிக் கிணற்றில் கிடைத்த மெல்லிய மீனை, 2021-இல் ஆய்வாளர் புதிய இனமென அறிவித்தனர். இரத்தச் சிவப்பையும் நகர்த் தெய்வமான மும்பாதேவியையும் எண்ணி ‘ரக்தமிக்திஸ் மும்பா’ என்று வழங்குகின்றனர்.

விலாங்கு போல் நீண்ட உடல்; துடுப்பில்லை, செதிலில்லை, வெளியில் தெரியும் கண்ணுமில்லை. நிலத்தடி இருளில் கண்ணுக்கு வேலை ஏது? பூமிக்கடியில் ஊறும் நன்னீரே அதன் வீடு. கிணறு அவ்வீட்டின் சாளரம்.

செம்பூரில் குப்பை கொட்டித் தூர்ந்த கிணற்றைக் காணும்போதெல்லாம் நெஞ்சு பதைக்கிறது. எட்டிப் பார்க்கும் முன்பே மூடிவிட்டால், அடியில் யார் குடியிருந்தார் என்பதை எவ்வாறு அறிவோம்?