உருகும் முன் பார்ப்போம்

கையில் அலைபேசி இருப்பதால் நாளெல்லாம் படம் எடுக்கிறோம். நின்று பார்க்கிறோமா?

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஜெரிக்கோ என்ற ஊரில் வாழ்ந்த விவசாயி வில்சன் பென்ட்லி. குளிர்காலத்தில் அங்கே பனி கொட்டும். வாரி ஒதுக்க வேண்டிய அந்தப் பனி அவருக்குத் தீராத வியப்பு. நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து, 1885 ஜனவரி 15 அன்று, தம் 19ஆம் வயதில், ஒற்றைப் பனித்துகளைப் படம்பிடித்தார்.

எளிய வேலையல்ல அது. கணப்பு இல்லாத அறையில், கறுப்புப் பலகையில் ஏந்திய துகளை, மூச்சுக்காற்று படாமல் கண்ணாடித் தகட்டுக்கு மாற்ற வேண்டும். உருகுமுன் படமெடுக்க வேண்டும். 1931இல் இறக்கும்வரை 5,000க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். ஒன்றைப்போல் மற்றொன்றை அவர் கண்டதேயில்லை.

நம் வாசலில் அந்தப் பனி விழாது. ஆனால் கோலமாவைச் சுமந்து செல்லும் எறும்பு, குழந்தையின் முதல் பல், அம்மாவின் முகத்தில் புதிதாய் விழுந்த சுருக்கம் எல்லாம் நம் கண்முன்னே உண்டு. அவையும் நில்லாமல் போகிறவைதாம். இன்று அவற்றில் ஒன்றையாவது நின்று பார்ப்போம். படம் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.